பதினோரு மச்சினர்களும் ஒரு நம்பரும்

கரூரில் கல்யாண மண்டபம் நடத்தும் பொன்னுரங்கம், மண்டபத்தின் இணையதளத்தை வடிவமைக்கும் தில்ஷாத்துக்குக் கட்டளை போட்டார். அவள் வேலைக்குச் சேர்ந்து பத்தே நாள்.

"முதல் பக்கம் ஃப்ளெக்ஸ் போர்டு மாதிரி இருக்கணும்மா. நடுவுல நான், சுத்தி என் மச்சினனுங்க பதினோரு பேர். எழுத்தெல்லாம் பெருசு. ஒண்ணு குறைஞ்சாலும் உன் வேலை போயிரும்."

தில்ஷாத் அப்படியே செய்து காட்டினாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"உங்களைப் பொண்ணைப் பெத்தவரா நினைச்சுக்கிட்டு, இதைப் பாத்து மண்டபத்துக்கு ஒரு போன் போடுங்க சார்," என்றாள் அவள்.

பொன்னுரங்கம் திரையில் மீசை மீசையாக போன் நம்பரைத் தேடினார். கடைசியில் தன் மேனேஜரைக் கூப்பிட்டார். "யோவ், நம்ம நம்பர் இதுல எங்கய்யா இருக்கு?"

"நீங்க மேனேஜரைக் கேக்கலாம் சார். பொண்ணைப் பெத்தவர் யாரைக் கேப்பார்?"

பொன்னுரங்கம் நடுவில் இருந்த தன் படத்தைப் பார்த்தார்.

"மொதல்ல மச்சினனுங்களை எறக்கு," என்றார்.