காணாமல் போகும் பெயர்கள்

"எனக்குப் பைத்தான் தெரியும் மேடம். என்னை அடிப்படை வகுப்புலயா உட்காரச் சொல்றீங்க?"

கேட்டவர் அற்புதம். வயது நாற்பத்தெட்டு. நாகர்கோவிலில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் வேலை. பைத்தான் என்ற கணினி மொழியைத் தானே படித்து, தானே எழுதிய புரோகிராமை வைத்துத்தான் நோயாளிகளின் பட்டியலைப் பார்த்துவந்தார்.

கணினிப் பயிற்சி மையத்தின் பயிற்சியாளர் ஃபர்சானா அவரைவிட இருபது வயது இளையவர்.

"மேல்நிலைப் பயிற்சிக்கு என்னக்கா இவ்வளவு அவசரம்?"

"என் புரோகிராம் பெயர்களைத் தின்னுது. போன்ல பேசி முடிச்சவங்களை அழைப்புப் பட்டியல்ல இருந்து எடுத்தா, மூலப் பட்டியல்லயும் காணாமப் போறாங்க. தினமும் நானே திரும்பச் சேர்க்கிறேன். போன வாரம் செல்லையான்னு ஒரு நோயாளி பெயரை விட்டுட்டேன். டயாலிசிஸுக்குக் கூட்டிட்டு வர்ற வண்டி அவர் வீட்டுக்குப் போகல."

அற்புதத்தின் குரல் இறங்கியது.

"பக்கத்து வீட்டுக்காரங்க ஆட்டோல தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தாங்க. பிழைச்சுட்டார். இனிமே தாங்காது மேடம். பெரிசா ஏதாவது கத்துக்கிட்டு, எல்லாத்தையும் புதுசா எழுதணும்."

ஃபர்சானா அற்புதத்தின் மடிக்கணினியில் புரோகிராமைத் திறந்து பார்த்தார்.

இரண்டு சீட்டு கிழித்தார். ஒன்றில் 'மூலம்' என்று எழுதினார். மற்றதில் 'அழைப்பு'.

இரண்டையும் தன் டீ கிளாஸிலேயே ஒட்டினார்.

டீயைக் குடித்து முடித்தார்.

"'அழைப்பு' காலி. 'மூலத்துல' டீ இருக்காக்கா?"

"அது எப்படி இருக்கும்? கிளாஸ் ஒண்ணுதானே..."

அற்புதம் பாதியில் நிறுத்தினார். திரையைப் பார்த்தார்.

அழைப்பு = மூலம்.

"இது நகல் எடுக்கலையா? அதே பட்டியலுக்கு இன்னொரு பெயர்தான் வைக்குதா?"

ஃபர்சானா தலையசைத்தார்.

நகலெடுக்கும் கட்டளை அற்புதத்துக்குத் தெரிந்ததுதான். அதை அந்த வரியில் சேர்த்தார். அழைப்புப் பட்டியலில் இருந்து செல்லையாவை எடுத்தார். மூலப் பட்டியலைத் திறந்தார்.

செல்லையா அங்கேயே இருந்தார்.

அற்புதம் அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க நல்லா இருக்கணும் மேடம்."

"நீங்கதானே கண்டுபிடிச்சீங்க. சரி, மேல்நிலை வகுப்பு திங்கட்கிழமை தொடங்குது. பெயர் சேர்த்துடட்டுமா?"

அற்புதம் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அது மெதுவா ஆகட்டும் மேடம். முதல் பாடத்துல வர்ற 'பிரிண்ட்'னா என்ன? அதுல இருந்து ஆரம்பிங்க."