டென்ஷனர் எட்டிய தூரம்

ஆலமரத்தடியில் இளைய குருவும் கிழச் சீடர்களும் உட்கார்ந்திருந்த கதை நமக்குத் தெரியும். பொள்ளாச்சி ரோட்டு ஒர்க்‌ஷாப்பிலும் அதே கதைதான். குரு ஜெயசீலனுக்கு முப்பத்தைந்து வயது. சீடர் மருதாசலத்துக்கு ஐம்பது. மில்லை மூடியபின் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர். ஆலமரத்துக்குப் பதில் தகரக் கூரை.

அன்று காலை மருதாசலம் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"என்னங்கண்ணா?"

"சாயங்காலம் கோபிக்குப் போறேனுங்க மேஸ்திரி. ருக்குமணியக் கூப்பிட."

மனைவி ருக்குமணி கோபியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. சண்டை, சச்சரவு எதுவும் நடக்கவில்லை. ஒரு காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முன்பெல்லாம் மருதாசலம் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே அடுக்களையிலிருந்து "வந்துட்டீங்களா" என்று குரல் வரும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதற்கு அவர் பதில் சொன்னதே இல்லை. இப்போது அந்தக் குரலுக்காக இருட்டு வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்கிறார். உள்ளே போனால் சோறு இறங்குவதில்லை. அவள் வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

"ஒரு நாள்கூட மூஞ்சி சுளிச்சதில்லீங்க. திடீர்னு கிளம்பிட்டா. ஏன் ஒரு வார்த்தை சொல்லலைன்னு கேட்டே ஆகோணும். நியாயமான கேள்விதானுங்களே?"

குரு முந்தின நாள் வந்த பழைய காரைக் காட்டினார்.

"இதைப் பார்த்துட்டுப் பேசலாங்கண்ணா."

ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் முன்பக்கம் கடகடவென்றது. மருதாசலம் வெளியே ஓடும் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். சத்தம் குறையவில்லை. நீள ஸ்குரூடிரைவரின் நுனியை இன்ஜின் மூடியில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டார்.

"டைமிங் செயின் உள்ள அடிக்குதுங்க."

"கழட்டுங்க."

மூடியைக் கழற்ற மத்தியானம் ஆகிவிட்டது. உள்ளே பற்சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயின் தொங்கிக் கிடந்தது. அதைத் தளரவிடாமல் அழுத்திப் பிடிக்கும் டென்ஷனரின் தண்டு முழுக்க வெளியே வந்து நின்றது.

"டென்ஷனர் கெட்டிருக்குங்க. வேலைய விட்டுருச்சு."

குரு அதை வாங்கித் தண்டைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்தினார். விரலை எடுத்ததும் அது விசையோடு வெளியே வந்தது.

"இதுல என்ன கெட்டிருக்குங்கண்ணா?"

மருதாசலம் குனிந்து தண்டைப் பார்த்தார். "போன வாரம் வரைக்கும் வண்டி சத்தமே இல்லாம ஓடுச்சுன்னு கார்க்காரர் சொன்னாருங்களே."

"செயின் ஒரே வாரத்துல தளருமா?"

"வருசக்கணக்கு ஆகுமுங்க."

"அது தளரத் தளர, இது நூல் நூலா முன்னால வந்து தாங்கும். தாங்குற வரைக்கும் வெளிய ஒண்ணும் கேக்காது."

"இப்ப?"

"இனிமே எட்டி வர இதுக்கு நீளமில்லை."

மருதாசலம் டென்ஷனரைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது. துடைக்கலாமென்றால் கையெல்லாம் ஆயில்.

"புது டென்ஷனர் போட்டா சத்தம் நின்னுருங்களா?"

"நிக்கும். தொங்குன செயினோட அதுவும் எத்தனை நாளைக்கு மல்லுக்கட்டும்? செயினை மாத்தோணும்."

வேலை முடிந்ததும் மருதாசலம் கை கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"ஏன் சொல்லலைன்னு கேக்க இனி வாய் வராதுங்க மேஸ்திரி. அவ முன்னால உக்காந்து நான் என்னதான் கேக்கறது?"

குரு ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தாங்குனது எப்ப இருந்துன்னு கேளுங்கண்ணா. அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிக்காதீங்க."