நிலவறையைத் திறந்த சொல்

மலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த கொன்றைநாட்டை முன்னொரு காலத்தில் கோச்செம்பன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் தன் யோசனையை யாராவது குறை சொன்னால் முகம் சிவந்துவிடும்.

பக்கத்து நாட்டு ஒற்றர்கள் ஊருக்குள் புகுந்துவிட்டதாகச் செய்தி வந்ததும், தன் முத்திரை மோதிரத்தையும் கோட்டையின் சுரங்கவழி எழுதிய ஓலையையும் நிலவறையில் வைத்தார். கதவுக்கு உள்ளே சாத்தன் என்ற காவலன். வெளியிலிருந்து சரியான ரகசியச் சொல்லைச் சொன்னால் திறப்பான். தப்பாகச் சொன்னால் "இல்லை" என்பான். அந்தச் சொல் ராஜாவுக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும்.

"இனி எவனாலும் இதைத் திறக்க முடியாது" என்றார் ராஜா.

மந்திரி ஆதனார் தாடியைத் தடவினார். "எத்தனை தரம் தப்பாகச் சொல்லலாம், அரசே?"

"எத்தனை தரம் வேண்டுமானாலும்."

"அப்படியானால் திறந்துவிடலாம்."

ராஜாவின் முகம் சிவந்தது. மூன்று நாளில் திறக்காவிட்டால் மந்திரி பதவி போய்விடும் என்றார். அந்தப் பதவியின்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த தளபதி விடங்கர் சும்மா இருப்பாரா? முதலில் தான் திறந்துவிட்டால் மந்திரி ஆசனம் தனக்கே என்று வாக்கு வாங்கிக்கொண்டார்.

தளபதி நாற்பது வீரர்களைக் கதவடியில் உட்காரவைத்து, ஓர் எழுத்து விடாமல் எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்துச் சொல்லச் சொன்னார். அஅ, அஆ, அஇ என்று ஆரம்பித்து, முறைபோட்டுக் கத்தினார்கள். "இல்லை, இல்லை" என்று சொல்லியே சாத்தனுக்கு நாக்கு வறண்டது. மூன்றாம் நாள் விடிந்தபோது இரண்டெழுத்து முடிந்து, மூன்றெழுத்தில் அகரத்தைத்தான் தொட்டிருந்தார்கள்.

ஆதனார் அந்தப் பக்கமே போகவில்லை. பாகனிடம் பட்டத்து யானையின் பெயரைக் கேட்டார். செவிலியிடம் ராஜாவின் செல்லப்பெயரைக் கேட்டார். மடைப்பள்ளியில் போய் உட்கார்ந்து, ராஜாவுக்கு வைத்தியர் இனிப்பைத் தடுத்த பிறகும் எந்தத் தட்டு மட்டும் தானாகக் காலியாகிறது என்று விசாரித்தார். எல்லாவற்றையும் ஓலையில் எழுதினார். அறுபது சொல் தேறியது.

மூன்றாம் நாள் மதியம் நிலவறைக் கதவருகே வந்து ஒவ்வொன்றாக வாசித்தார். பதினேழாவது சொல் "அதிரசம்". கதவு திறந்தது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த சபை முழுவதும் ராஜாவைப் பார்த்தது. ராஜா வைத்தியரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

"மனசுக்குப் பிடித்த சொல்லை வைத்தால், நம்மை அறிந்தவன் எடுத்துவிடுவான், அரசே" என்றார் ஆதனார். "சோழி உருட்டி, விழுகிற எண்ணுக்கு உரிய எழுத்துகளைக் கோத்து, அர்த்தமே இல்லாத நீளமான சொல்லாக வையுங்கள். மூன்று தரம் தப்பாகச் சொன்னால் மறுநாள்வரை சாத்தன் காதைப் பொத்திக்கொள்ளட்டும்."

ராஜா சிரித்துவிட்டார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். தளபதி மட்டும் இதெல்லாம் குருட்டு அதிர்ஷ்டம் என்றார். தன் ஆயுதசாலைக்கும் அதேபோல் ஒரு சொல் இருக்கிறது, முடிந்தால் அதைத் திறக்கட்டும் என்று மார்தட்டினார்.

எல்லோரும் அங்கே போனார்கள். ஆதனார் ஓலையைப் பிரிக்கவேயில்லை. கதவருகே குனிந்து "விடங்கர்" என்றார். திறந்தது.

தளபதி கூசிப்போய் அன்றே சொல்லை மாற்றினார். மறுநாள் காலை அந்தப் பக்கம் நடந்துபோன ராஜா, சும்மா சொல்லித்தான் பார்ப்போமே என்று "மகாவீர விடங்கர்" என்றார்.

கதவு திறந்தது.

ராஜா உள்ளே போகவில்லை. தளபதியை வரச்சொல்லி, அவர் கையில் ஒரு பிடி சோழியை வைத்தார்.

"இனி நீர் யோசிக்க வேண்டாம். உருட்டினால் போதும்."