பிரிக்காத மிக்ஸிக்கு ஓர் அறிக்கை

பூஜை போடாமல் புது மாடலின் பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்பது அந்த மிக்ஸி கம்பெனியின் வழக்கம். மேலாளர் வைத்தியலிங்கமோ பிரிக்காத மிக்ஸி எப்படி ஓடுகிறது என்று பூஜையில் வாசிக்க அறிக்கை கேட்டார்.

"தகவல் ஒண்ணுமே இல்லையே சார்?" என்றாள் தட்டச்சர் பூங்காவனம்.

"இருந்தா நானே எழுத மாட்டேனா? சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

பூங்காவனம் பெட்டியைச் சுற்றி வந்தாள். கண்ணால் கண்டதை மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் பூஜைக்கு வந்த முதலாளி முன்னால் மேலாளர் அதைக் கம்பீரமாக வாசித்தார்: "சத்தமே இல்லை. சூடாவதே இல்லை. கரண்ட் துளிகூட இழுக்கவில்லை." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நானே அரைச்சுப் பார்த்தேங்கய்யா!" என்றார்.

முதலாளி சூடத்தட்டைக் கீழே வைத்தார். "சீல்கூட உடைக்கலையே, எதுலய்யா அரைச்சே?"

மேலாளர் பூங்காவனத்தை முறைத்தார்.

"மூடின பெட்டியைப் பத்தி நான் எழுதினது அத்தனையும் நிஜம் ஐயா," என்றாள் அவள். "கடைசி வரி மட்டும் சார் சொந்தமா சேர்த்தது."