ஒன்பதாவது கட்டணம்

தேவகோட்டைக்கு வெளியே, அரிசி ஆலைக்குப் பின்புறம் ஒரு தியானக்கூடம் இருந்தது. அதை நடத்திய அகிலாண்டத்துக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் பாடம் கேட்க வந்த சொக்கலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு. ஆலையில் ஸ்டோர் கீப்பர்.

சொக்கலிங்கம் ஒரு பில்லும் கட்டி அறியாதவர். கரண்ட், கேஸ், கேபிள் எல்லாம் மனைவி விசாலாட்சி பார்த்துக்கொண்டாள். அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் அவர் வங்கிக்குப் போய், வாழ்க்கையிலேயே முதல் கிரெடிட் கார்டை வாங்கினார். ஒன்பது கட்டணங்களையும் தானாகப் போகும்படி அதில் ஏற்றினார். கார்டுக்குக் கட்ட வேண்டியதும் சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும்.

ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் மனுஷன் எப்படிச் சமாளிக்கிறார் பார் என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். கூடத்துக்கு வந்துபோகும் எனக்கு அந்த மெச்சல் அப்போதே பிடிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கார்டு தொலைந்தது. வங்கி புதிதாக ஒன்று அனுப்பியது. எண் மாறிவிட்டதால் எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். எட்டை ஏற்றிவிட்டு, கார்டும் கையுமாக அவர் கூடத்துக்கு வந்தார்.

அகிலாண்டம் அறுந்த செருப்புவாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“ஒம்பதாவது விசாலத்தோட போன் நம்பர்மா.”

“போன் எங்க இருக்கு?”

“பீரோ பக்கத்துல, சார்ஜர்லயே கிடக்கு. கூப்பிட்டா அவ வச்ச காலர் ட்யூன் கேக்கும். நாதஸ்வரம்.”

“கடைசியா எப்பக் கூப்பிட்டீங்க ஐயா?”

சொக்கலிங்கம் யோசித்தார். “அவ தவறுன வருஷம், தீபாவளிக்கு.”

அகிலாண்டம் ஊசியை இழுத்தார்.

“வெட்டிவிடவும் மனசு வரல. யாருக்குக் கட்டுறோம்னும் தோணுது. என்ன செய்யட்டும்மா?”

“கட்டுங்க. ஆனா கார்டுல ஏத்தாதீங்க. ஒவ்வொரு தடவையும் நீங்களே கட்டுங்க.”

“அது இருபத்தெட்டு நாளைக்கு ஒருக்க வருது. தேதி நகர்ந்துக்கிட்டே போகும். மறந்துட்டா?”

“மறந்தா வந்து சொல்லுங்க.”

முதல் தடவை பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் கட்டினார். யார் நம்பர் என்று கடைக்காரப் பெண் கேட்டாள். “வீட்டுல” என்றார். அப்புறம் அந்தக் கடை வாசலிலேயே நின்று அந்த நம்பரைக் கூப்பிட்டார். நாதஸ்வரம் ஒலித்தது. அது ஓயும்வரை காதிலிருந்து போனை எடுக்கவில்லை. அன்று ஆலைக்குத் தாமதமாகப் போனார்.

இரண்டாம் தடவை, கட்ட வேண்டிய நாளுக்கு முந்தின நாளே கட்டினார். அதன்பின் தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை கூப்பிட்டார். பூட்டிய வீட்டில் போன் அடித்துக்கொண்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

மூன்றாம் தடவை கோயம்புத்தூரில் மகள் தேனம்மைக்குக் குழந்தை பிறந்தது. ஓடினார். பத்து நாள் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் மதியம் கூப்பிடுவதும் விட்டுப்போனது. பேத்தி விரலைப் பிடித்துக்கொண்டாள் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். கட்டச் சொல்லி நினைவூட்டும் செய்திகள் வந்தன. அவை விசாலாட்சியின் போனுக்கு வந்தன. படிக்க ஆளில்லை.

ஊர் திரும்பிய அன்று நேராகக் கூடத்துக்கு வந்தார். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அகிலாண்டம் தண்ணீர் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

“மறந்துட்டேன்மா. அஞ்சு நாள் முன்னாடியே கட்டியிருக்கணும். பஸ்ஸுல வரும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. கூப்பிட்டா, இந்த நம்பருக்குப் பேச முடியாதுன்னு ஒரு பொண்ணு சொல்லுது.”

“அப்புறம்?”

“கட்டினேன். இப்ப மணி அடிக்குது. வெறும் மணி. பாட்டு போயிடுச்சு. கஸ்டமர் கேர்ல கேட்டேன். என்ன பாட்டுன்னு சொல்லுங்க, திருப்பி வைக்கிறோம்ங்கிறான். எனக்குப் பேர் தெரியலம்மா. அவ வச்சா. நான் என்னைக்காவது கேட்டேனா?”

அவர் முகம் கோணியது. பெரிய உடம்பு. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்து அழுதார். உள்ளே தியானத்தில் இருந்தவர்கள் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். அகிலாண்டம் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ரெண்டு வருஷம் ஒரு தடவைகூட தவறலம்மா. என் கைக்கு வந்ததும் தொலைச்சுட்டேன். இப்படி ஒரு புருஷனா?”

அகிலாண்டம் அவர் தோளிலிருந்து பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“அவங்க போய் எத்தன நாளாச்சு ஐயா?”

“ரெண்டு வருஷம் மூணு மாசம்.”

“இல்ல ஐயா. அஞ்சு நாள்தான் ஆச்சு.”