ஒரே உரலில் ரெண்டு உலக்கை

ஒரே ஒரு ஊர்ல, ஆத்துக்கு மேக்க, குருவம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். அவளுக்கு ஒரு கூட்டாளி, பேரு நாச்சி. அரமனைக்குப் போற நெல்லு அம்புட்டையும் அந்த ஊருப் பொம்பளைங்கதான் குத்திக் குடுக்கணும். ஒருத்தியா நின்னு குத்தி மாளுமா? ஒரு உரலுக்கு ரெண்டு பேரு நிப்பாக. இவ உலக்கை மேல போகையில அவ உலக்கை கீழ வரும், அவ உலக்கை மேல போகையில இவ உலக்கை கீழ வரும், அதுக்கு நடுவுல ஓரத்துல ஒதுங்குற நெல்ல ஒருத்தி வெறுங்கையால உள்ள தள்ளி விடணும். கொஞ்சம் பிசகுனாலும் வெரலு போச்சு. அதனால அங்க ஒரு வழக்கம். உலக்கையத் தொடுறதுக்கு முன்னாடி, ஒருத்தி மேல ஒருத்திக்கு வருத்தமோ கோவமோ சந்தேகமோ இருந்தா வாயத் தொறந்து சொல்லிப்புடணும். மனசுல எதையும் வச்சுக்கிட்டு உலக்கை புடிக்கப்படாது. நல்லா கேட்டுக்கிட்டியா? அடி, அதுக்குள்ள கண்ணு சொக்குதா, இன்னும் ராசாவே வரலடி.

அந்த நாட்டு ராசாவுக்குக் கதைன்னா உசுரு. அவருகிட்ட கோணப்பன்னு ஒரு கதைகாரன் இருந்தான். அவன் என்ன கதை சொன்னாலும் ஒரு ஆம்பள, ரெண்டு பொம்பள. அரமனைக் கதைன்னா ஒருத்தனுக்காக ரெண்டு ராணி அடிச்சுக்குவாக. காட்டுக் கதைன்னா ஒருத்தனுக்காக ரெண்டு வேடச்சி அடிச்சுக்குவாக. கடலுக் கதைன்னா ஒருத்தனுக்காக ரெண்டு மீன்காரி அடிச்சுக்குவாக. அந்த ரெண்டு பேரும் ஒரு தடவையாச்சும் உக்காந்து, "ஏண்டி, அவன் உங்கிட்ட என்னதான் சொன்னான்?"னு கேட்டுக்குவாகளா? மாட்டாக. கேட்டுட்டா கோணப்பன் கதை அங்கயே முடிஞ்சுபோகுமே. சரி, நடுவுல நிக்கிறானே அந்த ஆம்பள, அவனையாச்சும் யாரும் ஒரு வார்த்தை கேப்பாகளா? அதுவும் இல்ல. அவன் பாட்டுக்கு மீசைய நீவிக்கிட்டு நிப்பான். இந்த மாதிரிக் கதையக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ராணிக்கும் காது புளிச்சுப்போச்சு. ஒரு நா நேராவே கேட்டுப்புட்டாக. "ஏம்ப்பா கோணப்பா, நெசத்துல எந்த ஊர்ல இப்படி அடிச்சுக்கிறாக? நீ உன் கண்ணால பாத்தியா?"

கோணப்பனுக்கு ரோசம் வந்துருச்சு. "எந்த ஊர்ல வேணாலும் காட்டுறேன் தாயி. நடுவுல ஒரு ஆம்பளைய விட்டா எந்தக் கூட்டாளியும் பிரிஞ்சுருவாக"ன்னான்.

ராசா சிரிச்சாரு. "காட்டு. காட்டிட்டா அந்த ஊரையே உனக்குக் குடுத்துடுறேன். இல்லேன்னா அந்தப் பொம்பளைங்க என்ன சொல்றாகளோ அதை நீ செய்யணும்"னாரு.

அப்புறம் கோணப்பன் என்ன செஞ்சான்? பாக்க லட்சணமா ஒரு வளவிக்காரனப் புடிச்சான். அவன் பேரு சிங்கராசு. "ஊரு என் கைக்கு வந்தா ஒரு தோப்பு உனக்கு"ன்னு ஆசை காட்டி, நேரா குருவம்மா ஊருக்கே கூட்டியாந்தான்.

மொதல்ல கோணப்பன் கெணத்தடியில குருவம்மாவப் பாத்து, "தங்கச்சி, சொல்லவே சங்கடமா இருக்கு. நாச்சி உன்ன மந்தபுத்தின்னு ஊரெல்லாம் சொல்றா"ன்னான். மறுநா உரலடியில குருவம்மா கேட்டா, "ஏ நாச்சி, என்ன மந்தபுத்தின்னியா?" நாச்சி, "மந்தபுத்திக்காரி கூட எவ உரல்ல நிப்பா, எனக்கு வெரலு வேணாமா?"ன்னா. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு உலக்கையத் தூக்குனாக.

அப்புறம் நாச்சியப் பாத்து, "குருவம்மா உன்ன வாயாடின்னு சொல்றாம்மா"ன்னான். மறுநா நாச்சி கேட்டா. "ஆமா, சொன்னேன். உன் மொகத்துக்கு நேராவும் சொல்லிருக்கேன்ல?"ன்னா குருவம்மா. அதுக்கும் சிரிச்சாக, அதுக்கும் உலக்கையத் தூக்குனாக.

மூணாவது தடவை கோணப்பன் வாயத் தொறக்கல. சிங்கராசு தொறந்தான்.

இதுக்குள்ள அவன் வீடு வீடாப் போயி வளவி போட்டுவிட்டு எல்லாருக்கும் பழக்கமாயிட்டான். குருவம்மாவுக்குப் பச்சை வளவி போடையில அவ கைய அவ்வளவு பதனமாப் புடிச்சான். அவளுக்கு அவனப் புடிச்சுப்போச்சு. அதுல என்ன தப்பு? அன்னிக்கு வந்தவன் மொகத்தத் தொங்கப்போட்டுக்கிட்டு, "குருவம்மா, எம் மனசெல்லாம் உங்கிட்டத்தான் இருக்கு. ஆனா நாச்சி என்னத்தான் கட்டிக்குவேன்னு சாமி மேல சத்தியம் பண்ணிட்டா. உனக்குச் சொல்லக் கூடாதுன்னு வேற சொல்லிட்டா"ன்னான்.

குருவம்மா ராத்திரியெல்லாம் அதையே நெனச்சுக்கிட்டுப் படுத்திருந்தா. மந்தபுத்தின்னு சொன்னாக் கேட்டுறலாம். இத எப்படிக் கேக்குறது? கேட்டு, நாச்சி ஆமான்னுட்டா? அவனும் போயி, இவளும் போயிட்டா அப்புறம் யாரு இருக்கா? மறுநா காலையில உரலடிக்கு வந்தவ ஒண்ணும் கேக்கல. நாச்சியும் ஒண்ணும் கேக்கல. ரெண்டு பேரும் பேசாம உலக்கையத் தூக்கிட்டாக.

அன்னிக்குக் கோணப்பன் கூட்டியாந்து, வைக்கப்போருக்குப் பின்னால ராசாவும் ராணியும் ஒளிஞ்சு நிக்கிறாக. கோணப்பன் காதோட காதா, "இப்பப் பாருங்க சாமி"ங்கிறான்.

இவ குத்துனா, அவ குத்துனா. இவ குத்துனா, அவ குத்துனா. நாச்சி குனிஞ்சு நெல்லத் தள்ளி விட்டா. குருவம்மா கண்ணுல தண்ணி நின்னதுல கை தெரியல. உலக்கை எறங்கிருச்சு. நாச்சி வெரலுக்கும் உலக்கைக்கும் ஒரு நெல்லு எடந்தான் இருந்துச்சு. குருவம்மா அப்படியே உலக்கையக் கீழ போட்டுட்டு மண்ணுல உக்காந்துட்டா.

"நாச்சி, மனசுல ஒண்ண வச்சுக்கிட்டுக் குத்திப்புட்டேன். உன் கை போயிருக்கும்."

"என்ன வச்சிருந்த?"

"சிங்கராசக் கட்டிக்குவேன்னு நீ சத்தியம் பண்ணிட்டியாம். எனக்குத் தெரியக் கூடாதுன்னியாம்."

நாச்சியும் உலக்கையச் சாத்திட்டுப் பக்கத்துல உக்காந்தா. "நீதான் சத்தியம் பண்ணிட்டேன்னு அவன் எங்கிட்டச் சொன்னான். நீயாச் சொல்லுவேன்னு நான் பாத்துக்கிட்டே இருந்தேன்"னா. அப்புறம் கேட்டா, "உனக்கு அவன் மேல ஆசையா?"

"ஆசைதான்."

"எனக்கும் கொஞ்சம் இருந்துச்சு."

குருவம்மா அழுதா. நாச்சி அவள அழ விட்டா. ஆசைப்பட்டது பொய்யாப் போனா அழுகை வரத்தான் செய்யும். அழுது முடிச்சு மூக்கச் சிந்திட்டு ரெண்டு பேரும் எந்திரிச்சு உலக்கையக் கையில எடுத்தாக. கோணப்பனுக்கு வாயெல்லாம் பல்லு. இப்ப மண்டைய ஒடைச்சுக்குவாகன்னு நெனச்சான். அவுக ஒருத்தி மேல ஒருத்தி உலக்கைய ஓங்காம நேரா புளியமரத்தடிக்குப் போனாக. அங்கதான் சிங்கராசு வளவிக்கூடையோட உக்காந்திருந்தான்.

குருவம்மா கேட்டா, "யாருப்பா உனக்குச் சத்தியம் பண்ணது? நானா, அவளா?"

அவன் இவளப் பாத்தான், அவளப் பாத்தான், உலக்கையப் பாத்தான். "யாரும் பண்ணல தாயி. கோணப்பன் சொல்லச் சொன்னான், தோப்புத் தாரேன்னான்"னு ஒளறிட்டான்.

ராசா வைக்கப்போருக்குப் பின்னாலேருந்து வெளிய வந்தாரு. ராணி அவருக்கு முன்னாடியே வந்துட்டாக. "பேசுனபடி செய்யணும். என்ன தண்டனை வேணும், நீங்களே சொல்லுங்க"ன்னாக.

குருவம்மா ரொம்ப யோசிக்கல. "கெடக்குற அரமனை நெல்ல இந்தக் கோணப்பனும் சிங்கராசும் ஒரே உரல்ல நின்னு குத்தட்டும்"னா.

குத்துனாக பாரு. "உன்னாலதான் கெட்டேன்"னு சிங்கராசு மனசுல, "நீ ஒளறலேன்னா தப்பிச்சிருப்பேன்"னு கோணப்பன் மனசுல. மொத குத்துல உலக்கையும் உலக்கையும் முட்டிக்கிச்சு. ரெண்டாவது குத்துல கோணப்பன் கால் பெருவெரலு போச்சு. மூணாவது குத்துல உலக்கைய வீசிட்டு ஒருத்தன் குடுமிய ஒருத்தன் புடிச்சு உருண்டாங்க. ஊரே நின்னு பாத்துச்சு. ராணி, "அடிச்சுக்கிறத நெசமாவே காட்டிட்டியேப்பா"ன்னாக. அந்த நெல்லு தீருறவரைக்கும் அவங்கள யாரும் ஊர விட்டு அனுப்பல.

என்னடி கேக்குற? சிங்கராச யாரு கட்டிக்கிட்டதுன்னா? இவ்வளவு நேரம் தொண்டை வறளச் சொல்லியும் உனக்கு அதுதான் கேக்கத் தோணுதா? ஒருத்தியும் கட்டிக்கல. அவன் என்ன ஆனான்னு எனக்கும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேணாம். குருவம்மாவுக்குக் கொஞ்ச நா மனசு வலிச்சுச்சு. அதையும் அவ காலையில நாச்சிகிட்டச் சொல்லிட்டுத்தான் உலக்கை புடிச்சா. நாளைக்கு எவனாச்சும் வந்து, அவ உன்ன அப்படிச் சொன்னா, இவ உன்ன இப்படிச் சொன்னான்னா, அவங்கிட்ட நின்னு கேக்காத. நேரா அவகிட்டயே போயிக் கேளு.

அரிசி அரமனைக்கு, தவிடு மாட்டுக்கு, கதை உனக்கு. தள்ளிப் படு.