பன்னிரண்டாம் நிமிடத்துப் பிழை

பாளையங்கோட்டையில் தில்லைநாயகம் என்றொரு பிழைதிருத்துநர் இருந்தார். அச்சகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் கல்யாணப் பத்திரிகையைக்கூட இருமுறை படித்தவர். அவர் படிக்காமல் ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: மின்னூல் கடையின் நிபந்தனைகள். அந்தக் கடையின் கருவியில் இருநூற்றுப் பன்னிரண்டு நூல்களை வாங்கிச் சேர்த்தார். பிறகு கண் மங்கியது.

பழைய அச்சகத் தோழர் சாலமோன், தமிழை வாய்விட்டு வாசிக்கும் வேறொரு நிறுவனத்தின் கருவியைப் பரிசளித்தார். வாங்கிய நூல் ஒன்றுகூட அதில் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பூட்டு. "எங்கள் கருவியில் மட்டுமே வாசிக்கலாம்" என்றது கடை. கடையின் கருவியோ ஊமை.

சாலமோன் பூட்டை உடைக்கும் மென்பொருள் ஒன்றைத் தேடிப்பிடித்தார். ஒவ்வொன்றாகத் திறக்கலாம் என்று ஒரு நாவலில் தொடங்கினார்.

"அண்ணாச்சி, இது உமக்கு மட்டும். வேற கைக்குப் போச்சுன்னா நம்ம சோலி முடிஞ்சுது."

"என் காதுக்கே பத்தல. இதுல அடுத்தவனுக்கு வேறயா?"

அந்த நாவலை எழுதியவர் மரகதவல்லி. அவருடைய கைப்பிரதிகளை ஆண்டுக்கணக்காகச் சும்மாவே திருத்திக் கொடுத்தவர் தில்லைநாயகம். இதை மட்டும் மரகதவல்லி அவசரத்தில் அவரிடம் காட்டாமல் வெளியிட்டிருந்தார். முந்தைய நாவல் வாட்ஸ்அப்பில் ஊர்சுற்றியதால், இதற்குப் பூட்டு வேண்டும் என்று கடையிடம் கேட்டு வாங்கியவரும் அவரே.

கேட்கக் கேட்கப் பிழைகள் இடறின. பழக்கம் விடுமா? தில்லைநாயகம் சொல்ல, சாலமோன் எழுத, நாற்பத்தொரு பிழைகளின் பட்டியல் மரகதவல்லிக்குப் போனது. காதால் கேட்பதற்குப் பக்க எண் ஏது? "எட்டாம் அத்தியாயம், பன்னிரண்டாம் நிமிடம்: மூன்றாம் அத்தியாயத்தில் இறந்த மாமா காப்பி குடிக்கிறார்."

புத்தகத்துக்குள் நிமிடம் எப்படி வந்தது என்று மரகதவல்லி யோசித்தார். கடையின் கருவி வாய்விட்டு வாசிக்காது, அப்படியானால் பூட்டு உடைந்திருக்கிறது என்று புரிந்ததும் கடைக்குப் புகார் எழுதினார். கடை தில்லைநாயகத்தின் கணக்கை மூடியது. வாங்கிய நூல்கள் அத்தனையும் ஒரே நாளில் போயின.

"நான் யாருக்கும் குடுக்கலியேம்மா" என்றார் தில்லைநாயகம், மரகதவல்லியிடம் தொலைபேசியில்.

"பூட்டை உடைச்சா திருட்டுதான் சார். உங்களை நம்பினேன்."

"நானும்தான்."

அடுத்த மாதம் நாவல் 'திருத்திய பதிப்பு' ஆக வந்தது. நாற்பத்தொரு பிழைகளும் நீங்கியிருந்தன. மாமா காப்பி குடிக்கவில்லை. பூட்டு அப்படியே இருந்தது.

பூட்டை உடைத்தவர் சாலமோன், உடைத்ததைக் கேட்டவர் தில்லைநாயகம், காட்டிக்கொடுத்தவர் மரகதவல்லி. வாசகரே, இம்மூவரில் துரோகம் செய்தவர் யார்?

விடை: மரகதவல்லி. மற்ற இருவர் உடைத்தது கடையின் விதியை. ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கை அல்ல. விதியை உடைத்தவர்கள் அதற்குரிய தண்டனையைப் பெறட்டும். பிரதி ஊர்சுற்றும் என்பதுதான் மரகதவல்லியின் அச்சம், அது ஊர்சுற்றவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் அந்த வாசிப்பைத் திருட்டு என்றவர், அதில் தமக்கு வந்த பங்கை மட்டும் திருப்பி அனுப்பவில்லை.